நிலாவில் பனி பெய்யும்: விண்வெளி ஸ்னோ குளோப் சேர்க்கத் தொடங்குபவர்களுக்கு

என் மேசை மேல் எலுமிச்சம்பழத்தை விடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் ஸ்னோ குளோப் ஒன்று இருக்கிறது: தண்ணீர் நிரப்பிய உருண்டை. உள்ளே சாம்பல் நிற நிலாத் தரை. அதன் மேல் வெள்ளை உடுப்பில் ஒரு விண்வெளி வீரர். அவர் தோளுக்குப் பின்னால் நாசாவின் விண்வெளி ஓடமான ஸ்பேஸ் ஷட்டில் இறங்கி நிற்கிறது. குலுக்கினால் பனி கொட்டும். எத்தனை தப்பு பாருங்கள். ஷட்டில் தன் வாழ்நாளில் எட்டிய உயரமே சுமார் 600 கிலோமீட்டர்தான். நிலா இருப்பதோ சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தள்ளி. காற்றே இல்லாத இடத்தில் பனி பெய்யவும் வழியில்லை. செய்தவருக்கு இதெல்லாம் தெரியாதா, தெரிந்தும் போனால் போகட்டும் என்று விட்டாரா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஆனாலும் இருப்பதில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்று யாராவது சொன்னால் நான் எடுப்பது இதைத்தான்.

விண்வெளி ஸ்னோ குளோப் சேர்ப்பதில் பாதி சுகம் இப்படித் தப்புக் கண்டுபிடிப்பது. மீதிப் பாதி, இது எந்த வருஷத்துச் சரக்கு என்று துப்பறிவது. விலையைத் துரத்திக்கொண்டு இந்தப் பக்கம் வராதீர்கள். உருண்டைக்குள் உற்றுப் பார்க்கப் பொறுமை இருந்தால் போதும். இதுவரை ஒன்றுகூட வாங்காதவருக்குச் சொல்வது போல வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், கையில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

பனி உருண்டையைப் பிரபலமாக்கியவர் வியன்னாவைச் சேர்ந்த எர்வின் பெர்சி. அறுவை சிகிச்சைக் கருவிகள் செய்பவர். 1900 வாக்கில் மின்விளக்கின் வெளிச்சத்தைக் கூட்ட வழி தேடிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்துச் செருப்புத் தைப்பவர்கள் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவையை விளக்குக்கு முன்னால் வைத்து ஒளியைக் குவிப்பார்கள். அதைப் பார்த்து இவரும் செய்து, ஒளி இன்னும் பரவட்டும் என்று தண்ணீரில் ரவையைப் போட்டார். விளக்கு சரிவரவில்லை. ஆனால் ரவை மெல்ல இறங்கியது பனி பெய்வது போல இருந்தது. ஆஸ்திரியாவின் மரியாசெல் தேவாலயத்தின் சிறு உருவத்தை உள்ளே வைத்தார். தொழில் பிறந்துவிட்டது; அந்தக் குடும்பம் இன்றும் வியன்னாவில் அதையே செய்கிறது. பெர்சிக்கு முன்பே பாரிஸ் கண்காட்சிகளில் இப்படிப்பட்ட கண்ணாடி உருண்டைகள் தலைகாட்டியிருக்கின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நமக்கு முக்கியமானது அதற்கு அரை நூற்றாண்டு கழித்து நடந்தது. 1950களில் மேற்கு ஜெர்மனியிலும், பிறகு ஹாங்காங்கிலும் பிளாஸ்டிக் குளோப் வார்க்க ஆரம்பித்தார்கள். சுற்றுலாத் தலம் ஒவ்வொன்றிலும் மலிவாக விற்க முடிந்தது. அதே சமயத்தில்தான் 1957இல் ஸ்புட்னிக் மேலே போனது. 1961இல் ககாரின் முதல் மனிதராக விண்ணுக்குப் போனார், 1969இல் அப்பல்லோ 11 நிலாவில் மனிதரை இறக்கியது. மலிவு பிளாஸ்டிக்கும் ராக்கெட்டும் ஒரே காலத்துப் பிள்ளைகள். அதனால்தான் விண்வெளி குளோப்களில் பழையவை என்றால் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான். கண்ணாடி என்றால் அநேகமாகப் பிற்காலத்துச் சரக்கு.

உருவத்தை வைத்துச் சொன்னால் மூன்று வகை. சந்தையில் ‘ஸ்னோ டோம்’ என்று விற்கப்படுவது அரை முட்டை வடிவப் பிளாஸ்டிக்: முன்பக்கம் தெளிவு, பின்பக்கம் நீலம், நடுவில் தட்டையான வண்ணத் தகடு. இரண்டாவது, கனமான பீடத்தில் உட்கார்ந்த கண்ணாடி உருண்டை. இதில் சிலவற்றின் அடியில் சாவி கொடுத்தால் பாட்டு வரும். மூன்றாவது, குளோபை வேறு பொருளோடு ஒட்டியவை: பேனா ஸ்டாண்ட், நாள்காட்டி, உப்புக் குப்பி. நான் முதல் வகைக்காரன். கண்ணாடி அழகுதான், ஆனால் பீடத்தில் இருக்கும் பிசின் பொம்மைகள் சில நேரம் உருண்டையையே மறைத்துவிடுகின்றன.

அடுத்து, ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்

‘விண்வெளி’ என்று மட்டும் வைத்துக்கொண்டால் ஆறு மாதத்தில் அலமாரி நிரம்பிவிடும். ஒன்றுக்கொன்று சம்பந்தமும் இருக்காது. கார்ட்டூன் வேற்றுக்கிரகவாசி, யூனிகார்ன் ஏறிய விண்வெளி வீரர், சனிக்கிரகத்தில் கிறிஸ்துமஸ் தாத்தா என்று எல்லாம் வந்து சேரும். ஆய்வுப் பயணங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் ஒரு சின்னப் பகுதி.

அப்பல்லோவை எல்லோரும் எடுப்பார்கள். 2019இல் நிலவிறக்கத்தின் 50ஆம் ஆண்டுக்கு வந்த சரக்கு இன்னும் சுலபமாகக் கிடைப்பதால் தொடங்க நல்ல இடம். ஷட்டில் அதைவிட வளமானது: 1981 முதல் 2011 வரை 135 பயணங்கள், விண்ணுக்குப் போன ஐந்து கலங்கள், போகாத என்டர்பிரைஸ் ஒன்று. சோவியத் பக்கம் சுவையானது, தேடக் கொஞ்சம் உழைக்க வேண்டும்.

என்னைக் கேட்டால் உலகக் கண்காட்சிகளைப் பாருங்கள் என்பேன். பலர் இதை விண்வெளிக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. சியாட்டிலின் ஸ்பேஸ் நீடில் 1962 கண்காட்சிக்காகக் கட்டியது. பெயரிலேயே விண்வெளி இருக்கிறது. நியூயார்க்கின் 1964-65 கண்காட்சிக்கு யூனிஸ்பியர் என்ற எஃகு பூமி உருண்டையை நிறுத்தினார்கள். அதைச் சுற்றி மூன்று வளையங்கள். ககாரின், பூமியைச் சுற்றிய முதல் அமெரிக்கரான ஜான் கிளென், டெல்ஸ்டார் செயற்கைக்கோள் ஆகிய மூன்றின் சுற்றுப்பாதைகளுக்காக அவை என்பார்கள். இந்த யூனிஸ்பியரை வைத்த குளோப் என்பது உருண்டைக்குள் ஓர் உருண்டை. நகர நினைவுப் பொருள் என்று பேர் போட்டு விற்பதால் ‘ஸ்பேஸ்’ என்று தேடுகிறவர்கள் கண்ணில் இது படுவதில்லை. நமக்கு நல்லதுதான்.

ஒரு குறுக்குச் செய்தி. செவ்வாயில் பனி பெய்கிற குளோப் கிடைத்தால் அவசரப்பட்டுச் சிரிக்காதீர்கள். 2008இல் ஃபீனிக்ஸ் ஆய்வுக்கலம் செவ்வாயின் மேகங்களிலிருந்து பனி விழுவதைக் கண்டது. தரையைத் தொடும் முன்பே அது ஆவியாகிவிட்டது. ஆகவே செவ்வாய்க் குளோபில் பனி பாதி உயரத்தில் மாயமாகிவிட வேண்டும். அப்படிச் செய்யத்தான் யாருக்கும் தெரியாது.

வருஷம் கண்டுபிடிப்பது

இந்தப் பொழுதுபோக்கில் நான் அதிக நேரம் செலவழிப்பது இதில்தான். குளோப்களில் தயாரித்த ஆண்டு அநேகமாக இருக்காது. விற்பவர் ‘1960ஸ் விண்டேஜ்’ என்று எழுதியிருப்பார். அவர் சொல்வதை விடுங்கள், உருண்டையைக் கேளுங்கள்.

பெயரில் தொடங்குங்கள். புளோரிடாவின் கேப் கனாவரல் முனைக்கு, அதிபர் கென்னடி கொல்லப்பட்ட கையோடு 1963 நவம்பரில் ‘கேப் கென்னடி’ என்று பெயர் மாற்றினார்கள். 1973இல் பழைய பெயரே திரும்ப வந்துவிட்டது. ஆக ‘கேப் கென்னடி’ என்று அச்சிட்ட குளோப் என்றால், அந்தப் பத்து வருஷத்துக்குள் வரைந்ததாகத்தான் பெரும்பாலும் இருக்கும். கவனம்: ‘கென்னடி ஸ்பேஸ் சென்டர்’ வேறு. ஏவுதளத்தின் பெயர் அது. இன்றும் அப்படியே இருக்கிறது. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு நான் ஒரு தடவை இரண்டு மடங்கு விலை கொடுத்திருக்கிறேன்.

அடுத்தது நாசா முத்திரை. நீல வட்டத்துக்குள் நட்சத்திரங்களும் சிவப்புக் கீற்றும் இருப்பது 1959இலிருந்து வருவது, ‘மீட்பால்’ என்பார்கள். சிவப்பில் வளைந்து வளைந்து நான்கு எழுத்து மட்டும் இருப்பது ‘வோர்ம்’, அதாவது புழு. இது 1975இல் வந்து 1992இல் ஓய்வு பெற்றது. புழு முத்திரை போட்ட ஷட்டில் குளோப் கிடைத்தால் நான் சந்தோஷப்படுவேன். ஆனால் 2020இல் புழுவை மறுபடி எழுப்பிவிட்டார்கள். அதனால் முத்திரையோடு பிளாஸ்டிக்கையும் பாருங்கள். முப்பது நாற்பது வருஷத்துப் பிளாஸ்டிக்கில் நுண்ணிய கீறல்களும் ஒரு மங்கலும் இருக்கும். புத்தம் புதிதாகப் பளபளத்தால் சந்தேகப்படுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த தடயம் ஷட்டிலின் வயிற்றுப் பக்கம் இருக்கும் பெரிய எரிபொருள் தொட்டி. முதல் இரண்டு பயணங்களில், அதாவது 1981இல், அந்தத் தொட்டிக்கு வெள்ளை வண்ணம் அடித்திருந்தார்கள். வண்ணமே சுமார் 270 கிலோ எடை. அது எதற்கு வீணாக என்று 1982 மார்ச்சில் போன மூன்றாவது பயணத்திலிருந்து விட்டுவிட்டார்கள். தொட்டியின் காப்புப் பூச்சு அதன் இயல்பான செம்பழுப்பு நிறத்திலேயே தெரிந்தது. நாம் எல்லோரும் படத்தில் பார்த்துப் பழகிய அந்த ஆரஞ்சுத் தொட்டி அப்படி வந்ததுதான். குளோபுக்குள் தொட்டி வெள்ளையாக இருந்தால், வரைந்தவர் பார்த்த படம் 1981இல் பறந்ததாகவோ அதற்கும் முந்திய மாதிரிப் படமாகவோ இருக்க வேண்டும். இல்லையென்றால் அவர் கையில் ஆரஞ்சு மை தீர்ந்துபோயிருக்க வேண்டும். இரண்டாவதையும் தள்ளிவிட முடியாது.

ஷட்டில் கலத்தின் பெயரும் உதவும். சேலஞ்சர் 1986 ஜனவரி 28 அன்று வெடித்துச் சிதறிய பிறகு, அதற்குப் பதிலாகக் கட்டியது என்டெவர். அது முதலில் பறந்தது 1992 மே மாதம். ஆக என்டெவர் பெயர் போட்ட குளோபை ‘எண்பதுகளின் ஆரம்பம்’ என்று யாராவது விற்றால் சிரித்துவிட்டு நகருங்கள்.

கடைசியாக அடிப்பாகத்தைத் திருப்புங்கள். ‘வெஸ்ட் ஜெர்மனி’ என்றிருந்தால் 1990க்கு முன். ‘ஹாங்காங்’ என்றால் பெரும்பாலும் அறுபதுகள் முதல் எண்பதுகள் வரை. ‘சைனா’ என்றால் அதற்குப் பிறகுதான் அதிகம். பார்கோடு ஸ்டிக்கர் இருந்தால் அறுபதுகளின் சரக்கு என்பதை மறந்துவிடலாம். சோவியத் கலத்தில் ஆங்கில சி-சி-சி-பி போலத் தெரியும் நான்கு எழுத்து இருந்தால், அது சோவியத் ஒன்றியத்தின் ரஷ்யச் சுருக்கம். 1991க்கு முந்தியது என்பதற்கு அது ஒரு குறி. ஆனால் ஏக்கத்துக்காக இன்றும் அந்த எழுத்தைப் போட்டுச் செய்கிறார்கள் என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம். இரண்டு மூன்று தடயங்கள் ஒரே ஊரைக் காட்டினால்தான் நான் பையைத் திறப்பேன்.

வாங்கும்போது

அருங்காட்சியகக் கடைகள் சுத்தமான வழி. புளோரிடாவின் கென்னடி ஸ்பேஸ் சென்டர், ஹூஸ்டன், அலபாமாவின் ஹன்ட்ஸ்வில், வாஷிங்டனின் வான்-விண்வெளி அருங்காட்சியகம், மாஸ்கோவின் விண்வெளி அருங்காட்சியகம் ஆகியவற்றுக்குப் போகிற உறவினரோ நண்பரோ இருந்தால், கடையில் எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்தமுறை போகும்போது அதே மாதிரி இருக்கும் என்று நம்ப முடியாது.

பழையதற்கு ஈபே, எட்ஸி போன்ற இணையச் சந்தைகள்தான். தேடும் சொல்லில்தான் சூட்சுமம். ஸ்னோ குளோப் என்று மட்டும் தேடாமல் ஸ்னோ டோம், வாட்டர் குளோப், வாட்டர் பால் என்றும் தேடுங்கள். ஜெர்மானியர்கள் ‘ஷ்னேகூகல்’ என்பார்கள், பிரெஞ்சுக்காரர்கள் ‘பூல் ஆ நேஜ்’ என்பார்கள். மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு அந்தந்த எழுத்திலேயே தேடினால், ஆங்கிலத்தில் தேடுகிறவர் யாரும் பார்க்காத பொருள்கள் தலைகாட்டும்.

பணம் கட்டும் முன் விற்பவரிடம் மூன்று கேளுங்கள்: அடிப்பாகத்தின் படம், சாளரத்துக்கு எதிரே பிடித்து எடுத்த படம், குலுக்கும் வீடியோ. சாளர வெளிச்சத்தில்தான் மயிரிழை விரிசல் தெரியும், தண்ணீரின் நிறமும் தெரியும். வீடியோவில் உள்ளே உருவம் ஆடுகிறதா, பனி கட்டிதட்டிப் போயிருக்கிறதா என்று பாருங்கள். உருவத்தின் உண்மையான உயரத்தையும் கேட்பது நல்லது. தண்ணீர் நிரம்பிய உருண்டை பூதக்கண்ணாடி மாதிரி. உள்ளே இருப்பதைப் பெருக்கிக் காட்டும். படத்தில் கம்பீரமாக நிற்கும், அப்பல்லோவை நிலாவுக்கு ஏற்றிப்போன சாட்டர்ன் ஐந்து ராக்கெட், பக்கவாட்டில் திருப்பினால் இடுப்புப் பெருத்துக் குண்டுப் பூசணி போல இருக்கும்.

தண்ணீர் குறைந்து மேலே காற்றுக் குமிழி இருந்தால் அதற்காகவே ஒதுக்கிவிடாதீர்கள். பழைய பிளாஸ்டிக் குளோபில் நீர் ஆவியாவது சகஜம். விலையைக் குறைக்க அதுவே நல்ல சாக்கு. தகட்டின் வண்ணம் உரிந்திருந்தால்தான் யோசிக்க வேண்டும். அதைச் சரிசெய்ய முடியாது.

குளிர்நாட்டிலிருந்து டிசம்பர், ஜனவரியில் வரவழைக்காதீர்கள். தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் விரியும். கண்ணாடி அதைத் தாங்காது. ஏப்ரல் வரை பொறுங்கள். தபால் செலவு, சுங்கவரி இரண்டையும் விலையோடு கூட்டிப் பார்த்துவிட்டே முடிவு செய்யுங்கள். பல நேரம் உருண்டையை விடத் தபால்தான் விலை அதிகம்.

வீட்டுக்குக் கொண்டுவருவது

என் மைத்துனர் அமெரிக்காவிலிருந்து வரும்போது எனக்காக ஒரு பெரிய கண்ணாடிக் குளோப் வாங்கினார். உடையாமல் இருக்கட்டும் என்று அக்கறையாகக் கைப்பையில் வைத்துக்கொண்டார். விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் எடுத்து ஓரமாக வைத்துவிட்டார்கள். ‘மாப்பிள, அது தண்ணியாம்’ என்று அங்கிருந்தே போன் செய்தார். நிலாவும் ராக்கெட்டும் அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை, திரவம்தான் தெரிந்தது.

அவர்கள் மேல் தப்பில்லை. கைப்பையில் ஒரு பொருளில் 100 மில்லிலிட்டருக்கு மேல் திரவம் கூடாது என்பது பல நாடுகளின் விதி. 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டையில் அரை லிட்டருக்கு மேல் பிடிக்கும். கணக்குப் போட்டால் 100 மில்லிக்கு உருண்டையின் விட்டம் ஆறு சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. அமெரிக்காவில் டென்னிஸ் பந்து அளவுக்குள் இருப்பதை, மற்றத் திரவங்கள் வைக்கும் சின்னப் பிளாஸ்டிக் உறைக்குள் அடங்கினால் விடுகிறார்கள். அதற்கு மேல் எதுவானாலும் பெரிய பெட்டியில் போட்டுவிடச் சொல்லுங்கள். உருண்டையை முதலில் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, துண்டில் சுற்றி, பெட்டியின் நடுவில், நாலு பக்கமும் துணி இருக்கும்படி வைக்க வேண்டும். ஷூவுக்குள் வைப்பது பழைய தந்திரம். சின்னப் பிளாஸ்டிக் குளோபுக்கு அது அளவெடுத்துச் செய்த பெட்டி.

வைக்கும் இடம்

வெயில் படக் கூடாது. வண்ணம் வெளிறும், பிளாஸ்டிக் மஞ்சளிக்கும், நீர் ஆவியாகும் என்பதெல்லாம் ஒரு பக்கம். முக்கியமான காரணம் தீ. தண்ணீர் நிரம்பிய உருண்டை வெயிலை ஒரே புள்ளியில் குவிக்கும். பெர்சி விளக்குக்குத் தேடிய அதே வித்தைதான்! சன்னலோரம் வைத்த ஸ்னோ குளோபால் திரைச்சீலையும் மேசையும் கருகிய சம்பவங்கள் உண்டு. வெளிநாட்டுத் தீயணைப்புத் துறையினர் இதைப் பற்றி எச்சரிக்கவே செய்கிறார்கள். நம்பிக்கை வரவில்லையென்றால், வெயிலில் ஒரு கையால் குளோபைப் பிடித்து, அதன் பின்னால் ஒரு காகிதத்தை முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். ஓரிடத்தில் வெளிச்சம் சுள்ளென்று குவியும். பார்த்ததும் எடுத்துவிடுங்கள். சென்னை மே மாதத்து வெயிலோடு விளையாட வேண்டாம்.

குழந்தைகளும் பூனை நாய்களும் இருக்கும் வீட்டில் உயரத்தில் வையுங்கள். சில குளோப்களில் நீர் உறையாமலிருக்க எத்திலீன் கிளைக்கால் கலந்திருப்பார்கள். கார் ரேடியேட்டரில் ஊற்றும் சங்கதி. இனிப்பாக இருக்கும், நஞ்சு. உடைந்துவிட்டால் கையுறை போட்டுத் துடைத்து, தரையை நன்றாகக் கழுவிவிட்டே மற்றவர்களை உள்ளே விட வேண்டும்.

தண்ணீர் நிரப்புவது

அடியில் அடைப்பான் உள்ள பிளாஸ்டிக் குளோபுக்கு மட்டுமே இது. கண்ணாடி உருண்டையை, அதிலும் பாட்டுப் பாடுவதை, நீங்களாகத் திறக்காதீர்கள். அரிதான பழைய உருப்படியையும் தொடாதீர்கள். குமிழி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

முதல் தடவை நான் ஷட்டில் குளோப் ஒன்றில் எங்கள் வீட்டு போர் தண்ணீரை ஊற்றினேன். ஒரே மாதத்தில் உட்சுவரில் வெள்ளையாக உப்புப் படிந்தது. அடுத்த மாதம் பச்சையாக ஏதோ வளர்ந்தது. விண்வெளியில் உயிர் கண்டுபிடித்த முதல் ஆள் நான்தான் என்று வீட்டில் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

இப்போது செய்வது இப்படி. டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். பேட்டரிக் கடையில் கிடைக்கும், ஆனால் அமிலம் கலக்காத வெறும் நீர்தானா என்று கேட்டு வாங்குங்கள். அதைக் கொதிக்கவைத்து, மூடி, முழுக்க ஆறவிடுங்கள். கொதித்த நீரில் கரைந்த காற்று போய்விடுவதால் பின்னால் குமிழி குறையும். குளோபை வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிஷம் வைத்தால் அடைப்பான் இளகும். சூடான நீர் வேண்டாம், தகட்டின் வண்ணம் போய்விடும். அடைப்பானை நகத்தாலோ மழுங்கிய பிளாஸ்டிக் கரண்டிக் காம்பாலோ ஓரம் ஓரமாக நெம்பி எடுங்கள். கத்தி வைத்தால் துளையின் விளிம்பு கிழியும். அப்புறம் ஒழுகிக்கொண்டே இருக்கும்.

பழைய நீரைக் கீழே கொட்டிவிடாதீர்கள். பழைய வேட்டித் துணியைக் கிண்ணத்தின் மேல் விரித்து அதன் வழியாக ஊற்றுங்கள். பனித்துகள் துணியில் தங்கும். அதைக் கழுவித் திரும்பப் போட வேண்டும். அந்தக் காலத்துத் துகளின் தடிமனும் அது விழும் வேகமும் இப்போது கடையில் வாங்கும் ஜிகினாவில் வராது.

ஆறிய நீரில் மருந்துக்கடை கிளிசரின் சில சொட்டு, பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் ஒரே ஒரு சொட்டு. கிளிசரின் துகளை மெதுவாக இறக்கும். கூடினால் துகள் தரையில் ஒட்டிக்கொள்ளும். சோப்பு இல்லாவிட்டால் துகள் நீர்மட்டத்திலேயே மிதந்துகொண்டு இறங்க மறுக்கும். ஊசி கழற்றிய சிரிஞ்சால் மெதுவாக நிரப்புங்கள். கடைசிக் குமிழியை விரட்டத்தான் எல்லோரும் திணறுவார்கள். அதற்கு ஒரு வழி: ஒரு கிண்ணத்தில் அதே நீரை ஊற்றி, குளோபை அதற்குள் முழுக்க அமிழ்த்தி, இரண்டு தட்டுத் தட்டி, நீருக்கு அடியிலேயே அடைப்பானை அழுத்துங்கள். இந்த யோசனை என்னுடையது இல்லை. பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த ஜோசப் கராஜா 1927இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்ததே நீருக்கடியில் குளோபைக் கோக்கும் இந்த முறைக்குத்தான். அமெரிக்காவில் குளோப் மலிவானதற்கு அதுவும் ஒரு காரணம்.

வெளியே எடுத்துத் துடைத்து, ஒரு காகிதத்தின் மேல் அடைப்பான் கீழே இருக்கும்படி நேராக ஓர் இரவு வையுங்கள். காலையில் காகிதம் காய்ந்திருந்தால் சரி.

நோட்டுப் புத்தகம்

எண், வாங்கிய தேதி, கொடுத்த விலை, அடியில் என்ன எழுதியிருக்கிறது, உள்ளே என்ன தப்பு. கடைசிக் கட்டத்தை விட்டுவிடாதீர்கள். என் நோட்டில் ‘நிலாவில் நின்றுகொண்டு முழு நிலாவைப் பார்க்கிறார்’ என்று ஒரு வரி இருக்கிறது.

நாமே ஒன்று செய்யலாமா?

இந்திய ராக்கெட் வேண்டுமென்றால் செய்துதான் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்து ஒன்று செய்தேன். பிஎஸ்எல்வி 44 மீட்டர் உயரம். ஆயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்தால் 4.4 சென்டிமீட்டர், சின்ன ஜாம் பாட்டிலுக்குள் அழகாக நிற்கும். சாட்டர்ன் ஐந்து 110 மீட்டருக்கு மேல். அதே அளவுகோலில் அது 11 சென்டிமீட்டரைத் தாண்டும், ஊறுகாய் ஜாடிதான் வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க ஆசைப்பட்டால் அளவுகோலை மாற்றாதீர்கள். அந்த உயர வித்தியாசம் தெரிய வேண்டும்.

உருவத்தைப் பிளாஸ்டிக்கிலோ முப்பரிமாண அச்சிலோ செய்யுங்கள். இரும்புக் கம்பி ஒரு துண்டு இருந்தாலும் துருப்பிடித்து நீரைச் செம்மண் நிறமாக்கிவிடும். போஸ்டர் கலர் கரையும். எனாமல் பெயின்ட் நிற்கும். மூடியின் உட்புறத்தைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, அரால்டைட் போன்ற இரண்டு குழாய்ப் பசையால் ராக்கெட்டை ஒட்டி, முழுதாக ஒருநாள் காயவிடுங்கள். பிறகு மேலே சொன்ன நீர், வெள்ளி ஜிகினா ஒரு சிட்டிகை. ஒரு சிட்டிகை என்றால் ஒரு சிட்டிகைதான். முதல் பாட்டிலில் நான் ஒரு கரண்டி போட்டுவிட்டேன். ராக்கெட் எங்கே என்று குலுக்கியபின் ஒரு நிமிஷம் காத்திருந்துதான் பார்க்க வேண்டியிருக்கிறது.